மாப்பிள்ளை கார்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம் போதுமுங்க. காத்து வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்.

ஈரோடுங்களா நீங்களும்? நானும் ஈரோடுதான். இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போறேன். நாலரைக்குள்ள போய்ச் சேரோணும், இன்னைக்குத்தான் கடைசி நாள்னு சொல்லியிருக்காங்க. இல்லீங்க, பையை மேல வெக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள பத்திரம் இருக்குது. கார் விசயமா. கார் திருட்டுப் போயிருச்சுங்க, ஒம்பது மாசமாச்சு. அதுனாலதான் பஸ்ஸுல போறேன், இல்லீன்னா நான் பஸ்ஸுல போற ஆளில்லை. தப்பா நெனச்சுக்காதீங்க. பால் சொசைட்டியில முப்பத்தொரு வருசம் செக்ரட்டரியா இருந்தவன் நான். இன்னைக்கும் ஊர்ல சென்னியப்பன்னு பேர் சொல்லி ஒருத்தனும் கூப்பிட மாட்டான். செக்ரட்டரிதான்.

எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? கல்யாண மண்டபத்துல போச்சுங்க. பட்டப்பகல்ல, பூ ஜோடனையோட. மாப்பிள்ளை காராப் போன காரு.

சொன்னா எல்லாரும் முதல்ல சிரிக்கறாங்க. நீங்களும் சிரிச்சுக்கோங்க, பரவால்ல. ஸ்டேஷன்ல ஏட்டு கேட்டாரு, "ஏனுங்க செக்ரட்டரி, மாப்பிள்ளையையாவது விட்டுட்டுப் போனாங்களா?"ன்னு. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். எனக்கு அன்னைக்கு ஒண்ணும் தோணலீங்க. அழுகையும் வரல, கோவமும் வரல. பல்லுப் புடுங்கறதுக்கு ஊசி போட்டா, நம்ம கன்னத்தை நாமளே தொட்டாலும் எவனோ ஒருத்தன் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி இருந்துச்சு. அன்னையிலிருந்து அப்படியேதான் இருக்குது.

கார் என்ற பொண்ணோடதுங்க. கோகிலவாணின்னு பேரு, வாணிம்போம். ஒரே புள்ளை. திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் போடறது, சாம்பிள் அனுப்பறது, அவன் கலர் சரியில்லைன்னா இவங்க மறுக்கா சாயம் போடறது, அந்த வேலை. காலைல ஆறேகாலுக்குப் பஸ்ஸு ஏறினா ராத்திரி எட்டரைக்குத்தான் ஊடு வந்து சேருவா.

அவ கார் வாங்கின கதை தெரிஞ்சாத்தானுங்க மத்தது உங்களுக்குப் புரியும். மூணு வருசம் முன்ன அவளுக்கு ஒரு எடம் அமைஞ்சுது. தங்கமுத்து மச்சான் பையன், நவநீதன். எங்களுக்குத் தூரத்து ஒறமொறை, புள்ளைக்கு மொறைப் பையன்தான். கோபியில ரெண்டு உரக்கடை. உப்புச் சக்கரை மாத்தியாச்சு. உங்க பக்கம் எப்படியோ தெரியாது, எங்க பக்கம் உப்புச் சக்கரை மாத்திட்டா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம், பாதிக் கல்யாணம். ஆறு மாசம் பையனும் புள்ளையும் போன்ல பேசிக்கிட்டாங்க. நான் கண்டும் காணாம இருந்துக்கிட்டேன். அப்பறம் பாத்தா, காங்கேயத்துல அரிசி ஆலைக்காரர் பொண்ணு ஒண்ணு அவங்களுக்கு வந்துச்சு. எங்களுக்கு ஆள் விட்டுச் சொன்னாங்க, ஜாதகத்துல ஏதோ தோசம் இருக்குது, முன்ன பாத்தவன் சரியாப் பாக்கலைன்னு. நான் சண்டைக்குப் போகல. மென்னு முழுங்கிட்டேன். கௌரவமா ஒதுங்கிட்டோம்.

வாணியா? அழுதாளோ என்னமோ. என் முன்னால அழுகல. ஒரு மாசம் கழிச்சு வந்து, "அப்பா, நகைக்குன்னு வெச்ச காசுல காருக்கு முன்பணம் கட்டிக்கறேன், மிச்சத்துக்கு லோன் போட்டுக்கறேன்"னா. சரி, புள்ளை மனசு ஆறட்டும்னு விட்டுட்டேன். வெள்ளைக் காரு. லைசென்ஸெல்லாம் எடுத்துட்டா. தினமும் திருப்பூருக்கு அவளே ஓட்டிட்டுப் போகோணும்னு நெனப்பு. நாந்தானுங்க வேண்டாம்னேன். பொட்டப் புள்ளை ஒத்தையில அத்தனை தூரம், லாரியும் டேங்கரும் போற ரோட்டுல. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அதுலயும் கல்யாணம் நின்ன புள்ளை. "பஸ்ஸுலயே போ கண்ணு, ஞாயித்துக்கெழமை ஓட்டிக்கோ"ன்னேன். சரிங்கப்பான்னுட்டா. அவ எதையும் மறுத்துப் பேச மாட்டாளுங்க. அந்த மட்டுக்கும் நாங்க வளத்தது வீண் போகல.

ஆகக் கார் எங்கிட்டத்தான் இருந்துச்சு. ஒறம்பரை விசேஷம், எழவு, கோயில்னு நாந்தான் எடுத்துட்டுப் போவேன். துணி போட்டு மூடி, தூசி படாம வெச்சிருந்தேன். மாசா மாசம் லோன் அவ சம்பளத்துல போயிரும். இன்னும் போயிட்டுத்தான் இருக்குது. கார் இல்லைன்னாலும் பேங்குக்காரன் விடுவானுங்களா? இன்னும் மூணு வருசம் இருக்குது. மாசம் பதினோராயிரத்துச் சொச்சம். அவ சம்பளமே இருபத்தாறுதானுங்க.

போன ஆவணியில அந்த நவநீதனுக்குக் கல்யாணம். தங்கமுத்து மச்சான் பொண்டாட்டியோட நேர்லயே வந்து தாம்பூலம் வெச்சுப் பத்திரிகை குடுத்தாரு. அதைச் சொல்லோணுமில்ல. ஆள்கிட்டக் குடுத்தனுப்பல, நேர்ல வந்தாரு. மோர் குடிச்சுட்டுச் சொன்னாரு, "மச்சான், நடந்தது நடந்து போச்சு, ஒறமொறை விட்டுப் போகக் கூடாது. உங்க காரு மாதிரி சுத்தமா இந்தச் சுத்துப்பட்டுல ஒருத்தன்கிட்டயும் இல்லை. மாப்பிள்ளை காரா அதுதான் வரோணும், நீங்களே ஓட்டியாந்தா எனக்குக் கௌரவமா இருக்கும்."

நீங்க என்னங்க அப்படிப் பாக்கறீங்க? முடியாதுன்னு எப்படிங்க சொல்றது? சொன்னா என்ன பேசுவாங்க? செக்ரட்டரி இன்னும் மனசுல வெச்சுட்டுத்தான் இருக்காருன்னு பேசுவாங்க. புள்ளைக்கு இன்னும் ஏக்கம் போகலைன்னு பேசுவாங்க. குடுத்துட்டா ஒரு பேச்சும் இல்லை பாருங்க. பெரிய மனுசன்னு சொல்லுவாங்க. அவ பேரைக் காப்பாத்தத்தானுங்க நான் குடுத்தேன்.

வாணிகிட்டக் கேட்டேனான்னா, சொன்னேனுங்க. கல்யாணத்துக்கு முந்துன நாள் சொன்னேன். சரிங்கப்பான்னா. அப்பறம் போய் வண்டிக்குள்ள கெடந்த அவ கொடை, ஒரு ஜோடி செருப்பு, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சா. பக்கெட்டுல தண்ணி கொண்டாந்து அவளே காரைக் கழுவித் தொடச்சா. நான் கழுவறேன்னு சொன்னேன், வேண்டாங்கப்பான்னுட்டா. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. புள்ளை எல்லாத்தையும் மறந்துட்டான்னு நெனச்சேன். இவ அம்மாதான், என்ற ஊட்டுக்காரி ருக்மணி, அன்னைக்கு முழுசும் எங்கிட்டப் பேசல. அவ எப்பவுமே அப்படித்தான்.

கல்யாணத்தன்னைக்குக் காலைல முன்னாடிக் கண்ணாடி தவிர காரு பூராப் பூவுங்க. பின் கண்ணாடியில பெருசா 'நவநீதன் – ஷர்மிளா'ன்னு ஒட்டினாங்க. கோயில்லயிருந்து மண்டபத்துக்கு மேளத்தோட, நடக்கற வேகத்துல ஓட்டினேன். மண்டபத்து வாசல்ல என்னை எறக்கி, நடுவுல நிக்க வெச்சு, தலைக்கு உருமால் கட்டினாங்க. தாம்பாளத்துல வேட்டி, துண்டு, தேங்கா, பழம், ஆயிரத்து ஒரு ரூபா வெச்சு, தங்கமுத்து மச்சான் தன் கையால குடுத்தாரு. வீடியோக்காரன் லைட்டை என் மூஞ்சியிலயே அடிச்சான். முன்னூறு பேர் பாத்தாங்க. எனக்குன்னு அப்படி ஒரு மரியாதை ரிட்டயர் ஆன அன்னைக்குக் கூட நடக்கலீங்க.

அப்பறம் வண்டியை மண்டபத்துக்குப் பக்கத்துல காலி எடத்துல நிறுத்திப் பூட்டினேன். பூட்டினேனுங்க, சத்தியமா. ரெண்டு சாவியும் பின்னால இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்தேன். தாலி கட்டி முடிஞ்சு பந்தியில உக்காந்து சாப்பிட்டு, கை கழுவி, வெத்தலை போட்டுட்டு வந்து பாக்கறேன், காரைக் காணோம். கீழ ரோஜாப்பூ கொஞ்சம் உதிந்து கெடந்துச்சு. யாரோ மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அவசரத்துக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு அங்கயே நின்னேன். சாவி என் சட்டைப் பாக்கெட்டுல இருக்குது, எவன் எப்படி எடுப்பான்னு தோணவே இல்லை. முக்கா மணி நேரம் நின்னேன்.

அப்பறம் பெட்ரோல் பங்க் கேமராவுல பாத்தாங்க. பூவோட, பேரோட, மெல்லமா ஒரசலில்லாமப் போகுதுங்க. செக்போஸ்ட்டுலயும் ஒருத்தனும் மறிக்கல. மாப்பிள்ளை காரை எவனுங்க மறிப்பான்? எல்லாரும் ஒதுங்கி வழி விட்டிருக்காங்க. வாணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவ அன்னைக்கும் வேலைக்குப் போயிருந்தா. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களேப்பா?"ன்னு கேட்டா. இல்லை கண்ணுன்னேன். "சரிங்கப்பா, எஃப்ஐஆர் போட்டு ஒரு காப்பி வாங்கிக்கோங்க"ன்னா. அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் இருக்குதேன்னு நானும் தைரியமா இருந்தேன். ஃபுல் இன்சூரன்ஸுங்க. ரெண்டாவது வாரம் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒரு ஆள் வந்தாரு, ஜெயசீலன்னு, சேலத்துக்காரர். தங்கமான மனுசன். வாய் நிறைய ஐயா ஐயான்னாரு. எல்லாம் கேட்டாரு. நானும் ஆதியோடந்தமாச் சொன்னேன். "சும்மா போகலீங்க, உருமால் கட்டி, வேட்டி துண்டு, ஆயிரத்து ஒண்ணு வெச்சுக் குடுத்தாங்க"ன்னேன். "அப்படிங்களாய்யா, பெட்ரோல்?"னாரு. "அதும் அவங்கதான் போட்டாங்க, ரெண்டாயிரத்துக்கு. வேண்டாம்னேன், கேக்கல"ன்னேன். வீடியோவைக் கூடப் போன்ல போட்டுக் காட்டினேனுங்க. ரெண்டு தரம் பாத்தாரு, தாம்பாளம் குடுக்கற எடத்தை நிறுத்திப் பாத்தாரு. அதை எனக்கும் அனுப்புங்கன்னாரு. சந்தோசமா அனுப்பி வெச்சேன்.

அஞ்சு மாசம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். வாணி சோத்துக்கு முன்னால உக்காந்து படிச்சா. "இல்லைன்னு எழுதியிருக்காங்கப்பா"ன்னா. என்னத்துக்காமான்னேன். "சொந்த உபயோகத்துக்குன்னு இன்சூரன்ஸ் பண்ணின வண்டியை வாடகைக்கு விட்டீங்களாம். காசு வாங்கினீங்களாம்."

வாடகையாமுங்க! நானு! தாம்பூலத்துல வெச்சுக் குடுத்ததைப் போய் வாடகைங்கறான். தவளை தன் வாயால கெடும்பாங்க, அந்த மாதிரி ஆயிப் போச்சு. ருக்மணி அடுப்படியிலிருந்து, "உருமால் கட்டினதையும் சொன்னீங்களா?"ன்னு கேட்டா. அவளுக்கு என்னைக் குத்திக் காட்டாட்டி அன்னைக்குச் சோறு எறங்காது.

வாணி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வெச்சா. அடுத்த வாரம் திருப்பூர்லயே லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. பஸ்ஸு அலைச்சல் ஒத்துக்கலையாம். இத்தனை வருசம் ஒத்துக்கிச்சு, இப்ப மட்டும் என்னன்னு எனக்குப் புரியலீங்க. நான் கோவிச்சுக்கலையே. ஒரு வார்த்தை கூடத் திட்டலையே.

அது ஊத்துக்குளிங்களா? வெண்ணெய்க்குப் பேர் போன ஊரு. முன்னெல்லாம் சொசைட்டி வேலையா வருவேன்.

அப்பறம் ஈரோட்டு ஆபீஸுக்கு நடையா நடந்தேன். அங்க மேனேஜர் ஒரு அம்மா. கண்டிப்பான அம்மா, ஆனா நாயம் தெரிஞ்சவங்க. "எங்க வழக்கமுங்கம்மா, வண்டி ஓட்டியாந்தவங்களுக்கு மரியாதை பண்றது, வாடகை இல்லீங்க"ன்னு சொன்னேன். அந்தம்மா ஃபைலைத் தொறந்து ஒரு பேப்பரைக் காட்டினாங்க. தங்கமுத்து மச்சான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. தமிழ்லதான் இருந்துச்சு. 'மேற்படி காரை வாடகை பேசித்தான் எடுத்தோம், வாடகையைக் கொடுத்துவிட்டோம்.'

நேரா அவரு கடைக்குப் போனேன். உர மூட்டைக்கு நடுவுல உக்காந்துட்டுச் சாவகாசமாச் சொல்றாரு, "மச்சான், அந்தாளு வந்து கேக்கையில சம்பந்தி பக்கத்துல உக்காந்திருக்காரு. கார் ஓசியில வாங்கினதுன்னு எப்படிச் சொல்றது? மாப்பிள்ளைக்கு ஒரு காருக்கு வக்கில்லையான்னு நெனைக்க மாட்டாரா? வாடகை குடுத்தோம்னுட்டேன். இதுக்குப் போய் இன்சூரன்ஸ்ல இடிக்கும்னு நான் கண்டனா?"

என்ன பண்றதுங்க? அவரு நெலமையில நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நல்லா யோசிச்சுப் பாருங்க, ஒருத்தன் கௌரவத்தை இன்னொருத்தன்தானே காப்பாத்தோணும்.

மறுபடி மேனேஜரம்மாகிட்டப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தம்மா யோசிச்சுட்டு, "இலவசமாத்தான் குடுத்தீங்கன்னு ரெண்டு பக்கமும் பத்திரத்துல எழுதிக் குடுங்க, நான் மேலிடத்துக்கு அனுப்பிப் பாக்கறேன். என்ன உறவு?"ன்னு கேட்டாங்க. தூரத்து மச்சானுங்கன்னேன். "தூரத்து உறவுன்னா நம்ப மாட்டாங்க, அவரே வாடகைன்னு வேற சொல்லியிருக்காரு. நெருக்கமான உறவுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க"ன்னாங்க.

இதைத் தங்கமுத்து மச்சான்கிட்டச் சொன்னேன். மனுசனுக்கு மூளைன்னா மூளைங்க. ஒரே நாள்ல வழி கண்டுபுடிச்சுட்டாரு. அவருக்குப் பொண்ணு இல்லை, ஒரே பையன். எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவதான் இணைச்சீர்ங்கற சடங்குல நிக்கோணும், சீர் செய்யோணும். "நம்ம வாணியை நவநீதனுக்குத் தங்கச்சின்னு எழுதிரலாம் மச்சான். தங்கச்சி அண்ணன் கல்யாணத்துக்குச் சீரா காரை அனுப்புனா. நாங்க குடுத்த ஆயிரத்து ஒண்ணு, கூடப் பொறந்தவளுக்கு வெச்சுக் குடுக்கற மரியாதை. அதைத் தெரியாம வாடகைன்னு சொல்லிட்டோம். தங்கச்சி சீர்னா எனக்கும் சம்பந்திகிட்டக் கௌரவக் கொறைச்சல் இல்லை, உங்களுக்கும் பணம் வந்துரும்"னாரு. பாம்பும் சாகோணும், தடியும் ஒடையக் கூடாதுங்கற மாதிரி எவ்வளவு நேக்கா முடிச்சாரு பாருங்க. வக்கீல் செலவு கூட அவருதான் போட்டாரு.

ருக்மணிதான் ஆடிட்டா. பத்திரத்துல சாட்சி ரெண்டு பேர் போடோணும், மாப்பிள்ளை பக்கம் ஒருத்தர், நம்ம பக்கம் ஒருத்தர். அவங்க பக்கம் போட்டாச்சு. நீ போடுன்னு ருக்மணிகிட்ட நீட்டினேன். படிச்சுட்டு, பேனாவைத் தூக்கி முத்தத்துல வீசிட்டா. "உப்புச் சக்கரை மாத்தின புள்ளையை அவனுக்கே தங்கச்சின்னு எழுதிட்டு வந்திருக்கீங்களே, நீங்க மனுசனா? என் கை இதுல படாது"ன்னா. பேப்பருலதானடி எழுதியிருக்குது, எழுதினா மொறை மாறிருமான்னேன். போய்ப் படுத்துட்டா. அக்கம்பக்கத்துல கேட்டா விசயம் வெளிய போயிரும். எந்த ஒறம்பரைகிட்டயும் கேக்க முடியாது.

அதுதானுங்க... உங்களைப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியுது. ஈரோட்டுல எறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ. ஒரு கையெழுத்து. இருங்க, எடுக்கறேன். மடங்காமப் புடிங்க. இதோ, இந்தக் கோட்டு மேல. பேரு, அட்ரஸு, அவ்வளவுதான். படிச்சுட்டே போடுங்க, அவசரமில்லை.

ஆமாங்க, அதே பையன்தான்.

ஆமாங்க. இது என்ற புள்ளை கையெழுத்துதான். மூணு எடத்துல போட்டிருக்கா பாருங்க. இன்னைக்குக் காலைலதான் அவ கம்பெனிக்குப் போய் வாங்கியாந்தேன். ஏமாத்தியெல்லாம் வாங்கல, படிச்சுட்டுத்தான் போட்டா.

என்ன சொன்னாளா?

ஒண்ணும் சொல்லலீங்க. அவ என்னைக்கு என்ன சொல்லியிருக்கா. கம்பெனி கேட் பக்கத்துலயே நின்னு படிச்சா. வாட்ச்மேன் சேர் போட்டாரு, உக்காரல. ரெண்டு தரம் படிச்சா. "அண்ணன்னு போட்டிருக்குதுங்களேப்பா"ன்னா. பேப்பருலதான் கண்ணுன்னேன். கழுத்துல தொங்கற கார்டை ஒரு பக்கமாத் தள்ளிட்டு, பத்திரத்தைச் செவுத்து மேல வெச்சுக் கையெழுத்துப் போட்டா. மூடி என்கிட்டக் குடுத்தா. குடுத்துட்டு...

குடுத்துட்டு, "அண்ணன் நல்லாருக்குதுங்களாப்பா?"ன்னு கேட்டா.

யாரு அண்ணன்னு எனக்கு ஒரு நிமிசம் வெளங்கலீங்க. அப்பறம் வெளங்கி, நல்லாருக்கான் கண்ணு, பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம்னு சொன்னேன். சரிங்கப்பான்னுட்டு உள்ள போயிட்டா. சாப்பிட்டீங்களான்னு கேக்கல. எப்பப் போனாலும் கேப்பா.

மூணு வருசமா அவன் பேரை அவ சொல்லி நான் கேட்டதில்லீங்க. 'அவங்க'ன்னுதான் சொல்லுவா. நின்னு போன பின்னாலயும் 'அவங்க'தான். பத்திரிகை வெச்சுட்டுப் போன அன்னைக்குக் கூட, "அவங்க அப்பா வந்துட்டுப் போனாங்களா?"ன்னுதான் கேட்டா. நான் அதெல்லாம் காதுல போட்டுக்கிட்டதே இல்லை. இப்ப உங்ககிட்டச் சொல்லச் சொல்லத்தான் நெனப்பு வருது. இன்னைக்கு அண்ணன்னுட்டா. நான் சொல்லித்தான் சொன்னா. அவளே அவ வாயால...

இருங்க. போடாதீங்க. பேனாவை மூடிருங்க. குடுங்க அதை இப்படி.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம்.

அந்தச் சேலத்துக்காரரு எழுதினது சரிதானுங்க. நாந்தான் மரியாதை மரியாதைன்னு இத்தனை நாளா நம்பிட்டு இருந்தேன். அது வாடகைதான். அவ மனசைக் கழுவித் தொடச்சு வெளிய நிறுத்தினா, நான் ஓட்டிட்டுப் போய் ஆயிரத்து ஒரு ரூபா வாங்கிட்டு வந்திருக்கேன். முன்னூறு பேர் பாக்கத் தலையில கட்டிக்கிட்டு நின்னிருக்கேன்.

பணம் போகுதுங்க, போகட்டும். லோனை நான் கட்டறேன். மில்லுக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வேன் ஓட்ட ஆள் வேணும்னு எங்கூர்ல ஒருத்தன் கேட்டுட்டு இருந்தான். செக்ரட்டரியைப் பாத்து வேன் ஓட்டறியான்னு கேக்கறியாடான்னு அவனைத் திட்டி அனுப்பிச்சேன். நாளைக்குப் போய் நானே கேக்கறேன். வாடகைக்கு ஓட்டினவன்னு எழுத்துலயே ஆயாச்சு, இனி என்னங்க.

கண்டக்டர் தம்பி! ஆமா, ஈரோட்டு டிக்கெட்தான், தெரியும். பரவால்ல, பெருந்துறையிலயே எறக்கி விட்டுருங்க. திருப்பூருக்குத் திரும்பிப் போற பஸ்ஸு அங்க எந்தப் பக்கம் நிக்கும்? சாயந்தரம் ஆறு மணிக்கு அவ வேலை விடும், அதுக்குள்ள போயிரோணும்.